ஏடிடி 43 நாலு தடவ வந்த கதை: டெக்ஸ்ட்ல ஒட்டிக்கிட்டு வர்ற வெத்து ஸ்பேஸை எடுக்குறது எப்படி

மாசி மாசம், சம்பா அறுப்பு முடிஞ்சு வைக்கோல் கட்டுற மெஷின் ஊர் ஊரா சுத்திக்கிட்டிருந்த நேரம். நீடாமங்கலம் பக்கம் நெல் யாவாரம் பாக்குற எங்க மாமா ஒரு எக்செல் ஃபைலை வாட்ஸ்அப்ல தட்டிவிட்டு, "மாப்ள, குறுவையும் சம்பாவும் சேத்து எந்த ரகம் எத்தன மூட்ட எடுத்துருக்கோம்னு கூட்டிக் குடுடா, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே"ன்னாரு. இதெல்லாம் ஒரு வேலையான்னு பைத்தான்ல பத்து வரி எழுதி, ரகவாரியா பிரிச்சு, கூட்டி அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். டீ ஆறுறதுக்குள்ள போன். "என்னடா மாப்ள, ஏடிடி 43 நாலு எடத்துல வந்துருக்கு, நாலுலயும் வேற வேற கணக்கு, நான் எதை நம்புறது?"

வந்து பாத்தா அவர் சொன்னது நெசந்தான். ஸ்க்ரீன்ல நாலும் ஒரே மாதிரி இருக்கு, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஆனா ஏடிடி 43ங்கிற அந்த ஒரே நெல் ரகம் கம்ப்யூட்டருக்கு நாலு வேற வேற பேரு. காரணம் ஸ்பேஸ். புதுசா கோடிங் கத்துக்கிற எல்லாரும் என்னிக்காவது ஒரு நாள் இதுல மாட்டுவாங்க, அதனால நான் அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் உக்காந்து கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஃபங்ஷன் பேரையெல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே எழுதுறேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க (கீழ வர்ற நன்னுல முதல் எழுத்தும், ரிப்ளேஸ்ஆல்ல ஆலோட முதல் எழுத்தும் மட்டும் பெரிய எழுத்து). ஸ்பேஸ் இருக்குற எடத்துல கண்ணுக்குத் தெரியுறதுக்காக · புள்ளி வைக்கிறேன். வேரியபிள் பேரு மட்டும் தமிழ்ல வச்சா அதை அப்படியே அடிக்கலாம், பைத்தான் 3 அதை ஏத்துக்கும், ரகம்னு பேரு வச்சா ரகம்னே ஓடும்.

முதல் வேலை, கண்ணால பாக்குறது

நிறைய பேரு பண்ற தப்பு, பிரச்சினைன்னு தெரிஞ்ச உடனே ஸ்ட்ரிப்னு ஒண்ணைப் போட்டுட்டு ஓடுறது. நானும் அதைத்தான் பண்ணேன், நாலு மூணாச்சு, அவ்வளவுதான். எந்த ஸ்பேஸ் எங்க ஒட்டியிருக்குன்னு பாக்காம எடுக்கப் போனா, இருட்டுல முறம் எடுத்துப் புடைக்கிற மாதிரிதான், பதரும் போகும் நெல்லும் போகும்.

பைத்தான்ல பாக்குறதுக்கு ரெப்ர்னு (ஆர் இ பி ஆர்) ஒரு ஃபங்ஷன் இருக்கு. சும்மா ப்ரிண்ட் பண்ணா ஸ்பேஸ் தெரியாது. ப்ரிண்ட்டுக்குள்ள ரெப்ர் போட்டு அதுக்குள்ள ஸ்ட்ரிங்கை, அதாவது நம்ம டெக்ஸ்ட்டைக் குடுத்தா, ரெண்டு பக்கமும் கோட் மார்க்கோட காட்டும், கடைசியில ஸ்பேஸ் இருந்தா கோட்டுக்கு முன்னாடி ஒரு இடுக்கு தெரியும், டேப் இருந்தா பேக்ஸ்லாஷ் டி, வரி முறிவு இருந்தா பேக்ஸ்லாஷ் என்னு எழுத்தாவே காட்டிடும். மாமா ஃபைல்ல வித்தியாசமான ரகப் பேரையெல்லாம் எடுத்து ரெப்ர்ல போட்டப்ப வந்தது இதுதான்:

"ஏடிடி·43"
"ஏடிடி·43·"
"ஏடிடி··43"
"ஏடிடி[160]43"

முதல்ல இருக்குறது சரியானது. ரெண்டாவதுல வால்ல ஒரு ஸ்பேஸ். இது எங்கேருந்து வந்துச்சுன்னா, மாமாகிட்ட வேலை பாக்குற பையன் மொபைல்ல அடிக்கிறவன், கீபோர்டு மேல காட்டுற வார்த்தையைத் தொட்டா அதுவே பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டுடும் பாருங்க, அது. மூணாவதுல நடுவுல ரெண்டு ஸ்பேஸ், அது கை தவறுனது. நாலாவதுதான் வில்லன், நான் 160ன்னு எழுதியிருக்குற எடத்துல ரெப்ர் பேக்ஸ்லாஷ் எக்ஸ் ஏ ஜீரோன்னு காட்டுச்சு, பாக்க ஸ்பேஸ் மாதிரியே இருக்கும், ஆனா நம்ம ஸ்பேஸ் பார் ஸ்பேஸ் இல்ல. அதைப் பத்தி கீழ தனியா சொல்றேன்.

ஒரு எழுத்து என்னன்னு சந்தேகமா இருந்தா ஆர்ட்னு (ஓ ஆர் டி) இன்னொரு ஃபங்ஷன், அந்த எழுத்தோட நம்பரைச் சொல்லும். யூனிகோட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு, சாதா ஸ்பேஸ் 32, டேப் 9, வரி முறிவு 10, கேரேஜ் ரிட்டர்ன் 13. மனப்பாடம் பண்ண வேணாம், நாலு தடவ மாட்டுனா தானா பதிஞ்சுடும்.

லென் போட்டு நீளம் பாத்துக் கண்டுபிடிக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. இங்கிலீஷ் டெக்ஸ்ட்டுக்கு சரி. தமிழ்ல அது ஏமாத்தும். "தஞ்சாவூர்"ங்கிறது நம்ம கணக்குல அஞ்செழுத்து, த, ஞ், சா, வூ, ர். லென் போட்டா 9ன்னு வரும், ஏன்னா புள்ளியையும் கால், கொம்பு மாதிரி உயிர்க்குறியையும் தனித்தனியா எண்ணும். அதைப் பாத்துட்டு அய்யய்யோ நாலு ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கு போலன்னு தேடிக்கிட்டிருக்காதீங்க, நான் தேடியிருக்கேன். நீங்களே புதுசா அதே வார்த்தையை அடிச்சு அதோட லென்னையும் ஒப்பிட்டுப் பாத்தா அப்ப வேணா பிரயோஜனம் உண்டு.

இன்னொரு சுலபமான அடையாளம் இருக்கு. லிஸ்ட்டை அகர வரிசையில அடுக்குனா முன்னாடி ஸ்பேஸ் இருக்குறது எல்லாம் மேல போய் உக்காந்துக்கும், ஏன்னா 32 எல்லா எழுத்தையும் விட சின்ன நம்பர். வலங்கைமான் வந்து ஆடுதுறைக்கு மேல நின்னா சந்தேகப்படுங்க.

ரெண்டு முனையிலயும் எடுக்குறது

இதுக்குத்தான் ஸ்ட்ரிப். முன்னாடியும் பின்னாடியும் இருக்குற ஸ்பேஸ், டேப், வரி முறிவு எல்லாத்தையும் சீவிடும், நடுவுல கை வைக்காது. முன்னாடி மட்டும் எடுக்கணும்னா எல்ஸ்ட்ரிப், பின்னாடி மட்டும்னா ஆர்ஸ்ட்ரிப்.

ரகம் = ரகம்.ஸ்ட்ரிப்()

இதுல இடது பக்கம் ரகம் = இருக்கு பாத்தீங்களா, அதை விட்டுட்டு வெறும் ரகம்.ஸ்ட்ரிப்() மட்டும் போட்டா ஒண்ணுமே நடக்காது. எரர் கூட வராது, அதான் கொடுமை. பைத்தான் ஸ்ட்ரிங்கை உள்ளாரயே திருத்த முடியாது, புதுசா ஒண்ணு செஞ்சு கையில குடுக்கும், நீங்க வாங்கி வச்சுக்கலேன்னா காத்தோட போயிடும். ஜாவா, ஜாவாஸ்க்ரிப்ட்லயும் இதே கதைதான். புதுசா வர்ற பசங்க பத்துல ஒம்பது பேரு என்கிட்ட "ஸ்ட்ரிப் வேலை செய்யலண்ணே"ன்னு வந்து நிக்கிறது இதுக்காகத்தான்.

அடுத்த பள்ளம், ஸ்ட்ரிப்புக்குள்ள ஏதாவது எழுதிக் குடுக்குறது. "மாப்பிள்ளை சம்பா"ல இருந்து பின்னாடி இருக்குற சம்பாவை மட்டும் எடுக்கலாம்னு ஸ்ட்ரிப்புக்குள்ள "சம்பா"ன்னு போட்டேன்னு வைங்க. என்ன வரணும்னு நெனைப்பீங்க, மாப்பிள்ளைன்னு. வந்தது "ிள்ளை·". நெசமாத்தான். ஏன்னா ஸ்ட்ரிப்புக்குக் குடுக்குறதை அது ஒரு வார்த்தையா எடுத்துக்காது, ச, ம, ப, புள்ளி, கால், இந்த அஞ்சுல எது முனையில இருந்தாலும் தூக்குன்னு எடுத்துக்கும். அதனால மாப்பிள்ளையோட மா போச்சு, ப் போச்சு, பியில இருந்த ப போச்சு, இகரக் குறி மட்டும் தனியா தொங்குது, பின்னாடி சம்பா போயி ஸ்பேஸ் மட்டும் மிச்சம். முழு வார்த்தையா வாலை வெட்டணும்னா ரிமூவ்சஃபிக்ஸ், தலையை வெட்டணும்னா ரிமூவ்ப்ரிஃபிக்ஸ், ரெண்டும் 2020ல வந்த பைத்தான் 3.9ல இருந்து இருக்கு.

நடுவுல இருக்குறதை ஒண்ணாக்குறது

"ஏடிடி··43"க்கு ஸ்ட்ரிப் உதவாது. இதுக்கு பைத்தான்ல ஒரு அழகான வழி இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது:

ரகம் = " ".ஜாயின்(ரகம்.ஸ்ப்ளிட்())

ஸ்ப்ளிட்டுக்குள்ள ஒண்ணும் குடுக்காம காலியா கூப்பிட்டா, எத்தனை ஸ்பேஸ், டேப், வரி முறிவு சேந்து இருந்தாலும் அதை ஒரே வெட்டா எடுத்துக்கிட்டு வார்த்தையை மட்டும் லிஸ்ட்டா குடுக்கும். ஜாயின் அதை ஒத்த ஸ்பேஸ் வச்சு திரும்ப கோத்துடும். முன்னாடி பின்னாடி இருந்ததும் இதுலயே போயிடும், தனியா ஸ்ட்ரிப் தேவையில்ல. ஆனா ஸ்ப்ளிட்டுக்குள்ள " "ன்னு ஒரு ஸ்பேஸைக் குடுத்துட்டீங்கன்னா கதையே வேற, ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் தனித்தனியா வெட்டி நடுவுல காலி ஸ்ட்ரிங்கா குடுக்கும், திரும்ப கோத்தா பழைய குருடி கதவைத் திறடி.

பத்தி பத்தியா இருக்குற நீளமான டெக்ஸ்ட்டுல இதைப் போடாதீங்க, வரி முறிவும் போயி எல்லாம் ஒரே வரியா ஆயிடும். அதுக்கு வரிவரியா பிரிச்சு ஒவ்வொரு வரிக்கும் தனியா பண்ணணும்.

மொத்தமா எல்லாத்தையும் எடுக்குறது

ரிப்ளேஸ் போட்டு " "க்கு பதிலா ""ன்னு குடுத்தா எல்லா ஸ்பேஸும் போயிடும். இதை எங்க போடலாம்னா, ஸ்பேஸுக்கு அர்த்தமே இல்லாத எடத்துல மட்டும். போன் நம்பர், ஆதார் நம்பர் (அட்டையில நாலு நாலா பிரிச்சுப் போட்டிருப்பாங்க, மொத்தம் 12 இலக்கம்), பேங்க் ஐஎஃப்எஸ்சி கோடு, அது 11 எழுத்து, இதெல்லாம் சரி. பட்டாவுல வர்ற புல எண்ணை ஒருத்தர் 45/2ன்னு அடிப்பாரு, இன்னொருத்தர் 45·/·2ன்னு அடிப்பாரு, அங்கயும் மொத்தமா எடுக்குறதுதான் சரி. (புல எண்ணை எக்செல்ல சாதாரணமா அடிச்சா 12/3 தேதியா மாறிக்கும், அது வேற தலைவலி, அந்தக் காலத்தை, அதாவது மேலிருந்து கீழ போற கட்ட வரிசையை, முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்தி வச்சுடுங்க.)

ஆளு பேரு, ஊரு பேரு, நெல் ரகம், இதுல மொத்தமா எடுக்காதீங்க. "கருப்பு கவுனி" "கருப்புகவுனி" ஆயிடும், திரும்ப பிரிக்க வழியே இல்ல. பாஸ்வேர்டுல நான் ஸ்பேஸைத் தொடவே மாட்டேன், அது போட்டவங்க இஷ்டம், நம்ம வேலை இல்ல.

160ம் அதோட கூட்டாளிங்களும்

இப்ப வில்லனுக்கு வருவோம். வெப்சைட்ல ரெண்டு வார்த்தை வரி முறிஞ்சு தனித்தனியா போயிடக் கூடாதுன்னு ஒட்டி வைக்கிறதுக்கு ஒரு விசேஷ ஸ்பேஸ் உண்டு, நோ ப்ரேக் ஸ்பேஸ்னு பேரு, நம்பர் 160. எச்டிஎம்எல்ல என்பிஎஸ்பின்னு எழுதுறது இதைத்தான். வெப் பேஜ்ல இருக்குற டேபிளை அப்படியே காப்பி பண்ணி எக்செல்ல ஒட்டுனா இது கூடவே வந்துடும். மாமா ஃபைல்ல ரகப் பட்டியலை யாரோ அப்படித்தான் ஒட்டியிருக்காங்க.

பைத்தானோட ஸ்ட்ரிப்பும் காலி ஸ்ப்ளிட்டும் 160ஐ ஸ்பேஸ்னு மதிக்கும், அதனால மேல சொன்ன ஜாயின் ஸ்ப்ளிட் வழியிலயே "ஏடிடி[160]43" சரியாயிடும். நான் முதல்ல ஸ்ட்ரிப் மட்டும் போட்டப்ப ஏன் போகலன்னா, அது நடுவுல இருந்துச்சு, ஸ்ட்ரிப் முனையைத்தானே பாக்கும். அது புரியாம நான் அரை மணி நேரம் பைத்தானைத் திட்டிக்கிட்டிருந்தேன். ரிப்ளேஸ்ல " "ன்னு குடுத்தாலும் 160 போகாது, ரிப்ளேஸுக்கு 32ன்னா 32தான்.

ஜாவாக்காரங்க கவனிங்க. பழைய ட்ரிம் 32ம் அதுக்குக் கீழ உள்ள நம்பரும் மட்டும் எடுக்கும். 2018ல ஜாவா 11ல ஸ்ட்ரிப்னு புதுசா வந்துச்சு, யூனிகோட் ஸ்பேஸெல்லாம் புரிஞ்சுக்கும், ஆனா அதுவும் 160ஐ விட்டுடும். அங்க ரிப்ளேஸ் போட்டு 160ஐ 32ஆ மாத்திட்டு அப்புறம் ஸ்ட்ரிப் பண்ணுங்க. ஜாவாஸ்க்ரிப்ட்ல ட்ரிம் 160ஐயும் எடுத்துடும், ஆனா அங்க ரிப்ளேஸ்ல ஒரு ஸ்ட்ரிங்கைக் குடுத்தா முதல்ல வர்றதை மட்டும் மாத்திட்டு நின்னுடும், எல்லாத்தையும் மாத்த ரிப்ளேஸ்ஆல் வேணும். பிஎச்பி ட்ரிம் சும்மா கூப்பிட்டா 160 போகாது.

160க்கும் மேல மோசமான ஒரு கூட்டம் இருக்கு, அகலமே இல்லாதது. ஸ்க்ரீன்ல ஒரு இடுக்கு கூட தெரியாது. 8203னு ஒண்ணு, ஜீரோ விட்த் ஸ்பேஸ், பேருலதான் ஸ்பேஸ், யூனிகோட் கணக்குல அது ஸ்பேஸ் வகையிலயே இல்ல, அதனால பைத்தான் ஸ்ட்ரிப்பும் எடுக்காது, ஜாவாஸ்க்ரிப்ட் ட்ரிம்மும் எடுக்காது. அதை பேரு சொல்லித்தான் வெரட்டணும், ரிப்ளேஸ்ல சிஎச்ஆர்(8203)ன்னு குடுத்து.

65279னு இன்னொண்ணு, பிஓஎம்னு சொல்வாங்க. எக்செல்ல சிஎஸ்வி யூடிஎஃப்-8னு சேவ் பண்ணா ஃபைலோட தலையில இது உக்காந்துக்கும். அறிகுறி என்னன்னா, முதல் காலத்தோட பேரு மட்டும் கிடைக்காது, ஊர்னு ஒரு காலம் கண்ணெதிர இருக்கும், ஊர்னு கேட்டா கீ எரர் வரும், மத்த காலமெல்லாம் ஒழுங்கா வரும். ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் எடத்துல யூடிஎஃப்-8-சிக்னு குடுத்தா அதுவே கழண்டுடும்.

தமிழ் டெக்ஸ்ட்டுன்னா கொஞ்சம் நிதானம்

அகலமில்லாதது எல்லாமே குப்பைதான்னு மொத்தமா தூக்கிடாதீங்க. 8204ம் 8205ம் வேலைக்கு ஆகுறது. ரிக்‌ஷான்னு எழுதும்போது க்-கும் ஷா-வும் ஒட்டிக்கிட்டு க்ஷான்னு ஆகாம தனித்தனியா நிக்கணும்னு நடுவுல 8204 வைக்கிறவங்க உண்டு, அதை எடுத்தா வார்த்தையோட உருவம் மாறும். 8205 எமோஜியில குடும்பப் படம் மாதிரி நாலைஞ்சு படத்தை ஒண்ணா கோத்து வைக்கிறது, எடுத்தா அப்பா அம்மா புள்ளைங்க தனித்தனியா பிரிஞ்சு நிப்பாங்க. நான் பண்றது, ஆளுங்க படிக்கிற டெக்ஸ்ட்டுல இந்த ரெண்டையும் விட்டுடுவேன், தேடுறதுக்கும் ஒப்பிடுறதுக்கும் தனியா ஒரு காப்பி எடுத்து அதுல மட்டும் நீக்குவேன்.

இதை விட பெரிய விபத்து ஒண்ணு இருக்கு. ரெஜெக்ஸ் (டெக்ஸ்ட்டுல ஒரு மாதிரியைச் சொல்லித் தேடுற குறிமொழி) பத்தி தேடுனீங்கன்னா எழுத்தும் நம்பரும் தவிர மத்ததெல்லாம் நீக்குங்கன்னு ஒரு வரி எல்லா எடத்துலயும் கிடைக்கும், பேக்ஸ்லாஷ் டபிள்யூவை வச்சு எழுதுனது. அதைத் தமிழ்ல ஓட்டுனா என்ன ஆகும் தெரியுமா? "தஞ்சாவூர்" "தஞசவர" ஆயிடும். பைத்தான் ரெஜெக்ஸ் கணக்குல புள்ளியும் காலும் கொம்பும் எழுத்தே இல்ல, குப்பைன்னு கூட்டிப் பெருக்கிடும். வேரியபிள் பேருல மட்டும் அதே புள்ளியை ஏத்துக்குற பைத்தான் இங்க ஏத்துக்காதது ஓரவஞ்சனை தான். ஜாவாஸ்க்ரிப்ட்ல இன்னும் மோசம், அங்க பேக்ஸ்லாஷ் டபிள்யூவுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் எழுத்து, மொத்த ஊரும் காணாம போயிடும். ஸ்பேஸை எடுக்கணும்னா ஸ்பேஸைச் சொல்லி எடுங்க, பேக்ஸ்லாஷ் எஸ் போட்டுக்கோங்க, அது தமிழ் எழுத்தைத் தொடாது. எது வேணும்னு சொல்லி மத்ததைத் தூக்குறது நமக்கு ஒத்து வராது.

வரி முடிவு, எடை மேடை ஃபைல்

மாமா அடுத்த நாள் எடை மேடையில இருந்து வந்த டெக்ஸ்ட் ஃபைல் ஒண்ணும் குடுத்தாரு. விண்டோஸ்ல எழுதுன ஃபைல்ல ஒவ்வொரு வரி முடிவுலயும் ரெண்டு எழுத்து இருக்கும், 13ம் 10ம். லினக்ஸ்ல 10 மட்டும். 10ஐ வச்சு மட்டும் வரியைப் பிரிச்சா 13 வால்ல தங்கிடும், அதை ப்ரிண்ட் பண்ணி பின்னாடி மூட்டைன்னு ஒட்டுனா மூட்டைங்கிற வார்த்தை வரியோட ஆரம்பத்துல போயி ஏறிக்கும், பேய் புடிச்ச மாதிரி. பைத்தான்ல ஃபைலை சாதாரணமா திறந்து படிச்சா அதுவே பாத்துக்கும், நீங்களா டெக்ஸ்ட்டைப் பிரிக்கிறதா இருந்தா ஸ்ப்ளிட்லைன்ஸ் போட்டுடுங்க.

அந்த ஃபைல்ல இன்னொரு விசேஷம், காலத்துக்கு நடுவுல கமா கிடையாது, வண்டி நம்பருக்கு இத்தனை எடம், எடைக்கு இத்தனை எடம்னு ஸ்பேஸ் வச்சே ரொப்பியிருக்கும். இந்த மாதிரி ஃபைல்ல முதல்லயே ஸ்ட்ரிப் போட்டா முன்னாடி இருக்குற ஸ்பேஸ் போயி எல்லாக் காலமும் இடது பக்கம் நகந்துக்கும், வண்டி நம்பர் எடத்துல எடையோட தலை வந்து நிக்கும். முதல்ல எடத்தை எண்ணி வெட்டுங்க, அப்புறம் வெட்டுன துண்டை ஸ்ட்ரிப் பண்ணுங்க.

பாண்டாஸ்ல பண்ணும்போது

டேபிளா இருந்தா பாண்டாஸ்ங்கிற பைத்தான் லைப்ரரிதான் வசதி, காலம் முழுக்க ஒரே வரியில எஸ்டிஆர்.ஸ்ட்ரிப் போடலாம். ஆனா எக்செல்ல இருந்து நேரா படிக்கிறப்ப ஒண்ணு நடக்கும். எங்க பக்கம் சிஆர் 1009ன்னு யாரும் முழுசா சொல்றதில்ல, ஆயிரத்தொம்பதுன்னுதான் பேச்சு, அதனால பையன் அந்தக் கட்டத்துல வெறும் 1009ன்னு அடிச்சு வச்சிருக்கான். எக்செல் அதை நம்பரா வச்சிருக்கு. காலம் முழுக்க எஸ்டிஆர்.ஸ்ட்ரிப் போட்டதும் ஸ்ட்ரிங்கா இருந்ததெல்லாம் சுத்தமாச்சு, நம்பரா இருந்த 1009 சத்தமே இல்லாம காலிக் கட்டமாயிடுச்சு. சம்பா பட்டத்துல அதுதான் மாமாவுக்கு மெயின் ரகம், மொத்தக் கணக்கும் பாதியா வந்து நிக்குது.

இதுக்கு வழி, படிக்கும்போதே டிடைப் எடத்துல எஸ்டிஆர்னு சொல்லிடுறது, எல்லாம் ஸ்ட்ரிங்காவே வந்துடும். அப்படிப் படிச்சா மூட்டைக் காலமும் ஸ்ட்ரிங்கா வந்துருக்கும்ங்கிறதை மறந்துடாதீங்க, சுத்தம் பண்ணதுக்கப்புறம் அதை நம்பரா மாத்தணும், இல்லேன்னா 40 மூட்டையும் 38 மூட்டையும் கூட்டி 4038னு காட்டும்.

கடைசியா நான் வச்சுக்கிட்ட ஃபங்ஷன் இது:

டெஃப் சுத்தம்(ச):
    இஃப் ச இஸ் நன்:
        ரிட்டர்ன் ""
    ச = எஸ்டிஆர்(ச)
    ஃபார் எண் இன் (8203, 8288, 65279):
        ச = ச.ரிப்ளேஸ்(சிஎச்ஆர்(எண்), "")
    ரிட்டர்ன் " ".ஜாயின்(ச.ஸ்ப்ளிட்())

8288ங்கிறது வேர்ட் ஜாயினர்னு இன்னொரு அகலமில்லாத ஆளு. பாண்டாஸ்ல காலிக் கட்டம் இருந்தா இதுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஃபில்என்ஏ போட்டு ""ஆ மாத்திடுங்க. எழுதுனதும் நாலு விஷயத்தைக் குடுத்துப் பாருங்க: காலி ஸ்ட்ரிங், வெறும் மூணு ஸ்பேஸ், "·மாப்பிள்ளை··சம்பா·", அப்புறம் 160 போட்ட ஒண்ணு. வெறும் ஸ்பேஸ் குடுத்தா "" வரணும். இது முக்கியம், ஏன்னா ஃபார்ம்ல பேரு எடத்துல ஒரு ஸ்பேஸைத் தட்டிட்டு சப்மிட் பண்ற ஆளுங்க இருக்காங்க, காலியான்னு மட்டும் பாக்குற கோடு அதை உள்ள விட்டுடும்.

கோடிங்கே வேணாம், எக்செல் போதும்னா

எக்செல்ல ட்ரிம் இருக்கு, முனையிலயும் எடுக்கும், நடுவுல ரெண்டு மூணு இருந்தா ஒண்ணாவும் ஆக்கிடும், அந்த வகையில பைத்தான் ஸ்ட்ரிப்பை விட ஒரு படி மேல. ஆனா 32ஐ மட்டும்தான் தெரியும், 160ஐத் தெரியாது. அதனால முதல்ல சப்ஸ்டிடியூட் போட்டு யூனிகேர்(160)ஐ (யூ என் ஐ சி எச் ஏ ஆர்) " "ஆ மாத்தி, அதைச் சுத்தி ட்ரிம் போடுங்க. வால்ல என்ன ஒட்டியிருக்குன்னு பாக்கணும்னா யூனிகோட் ஃபங்ஷனுக்குள்ள ரைட் போட்டு கடைசி எழுத்தோட நம்பரை எடுங்க. பேரை வச்சு டேபிள்ல தேடிக் குடுக்குற வி-லுக்கப் ஃபங்ஷன் கண்ணெதிர இருக்குற பேரைக் கிடைக்கலன்னு சொன்னா நான் முதல்ல பாக்குறது இதைத்தான்.

டேட்டாபேஸ்ல

இங்க நீளமா சொல்லல. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்க்ரெஸ் ரெண்டுலயும் ட்ரிம் சும்மா கூப்பிட்டா 32 மட்டும் போகும், டேப் போகாது. இன்னொண்ணு, மைஎஸ்க்யூஎல்ல பழைய செட்டிங்ல வால் ஸ்பேஸைக் கண்டுக்காம ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லும், 8.0ல புதுசா வந்த டிஃபால்ட் செட்டிங் அப்படி விடாது. வருஷக்கணக்கா ஓடுன கோடு வெர்ஷன் மாத்துன அன்னிக்கு திடீர்னு ஆளைத் தெரியலன்னு சொன்னா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

எங்க வச்சு சுத்தம் பண்றதுன்னு கேட்டா, உள்ள வர்ற வாசல்லயே. பத்து எடத்துல பத்து ஸ்ட்ரிப் போட்டு வச்சா ஒரு எடத்துல மறப்போம், அங்கதான் வெடிக்கும். ஃபைல் படிக்கிற எடம், ஃபார்ம் வாங்குற எடம், அங்க ஒரு தடவை சுத்தம்() போட்டு அனுப்பிட்டா அதுக்கப்புறம் உள்ள இருக்குற கோடு நிம்மதியா இருக்கும். ஆனா வந்த ஒரிஜினல் ஃபைலை மட்டும் தொடாம அப்படியே ஒரு ஓரமா வச்சுக்கோங்க, நம்ம சுத்தமே தப்பா இருந்தா திரும்பிப் போக எடம் வேணும். எனக்கு அந்த 1009 விஷயத்துல அதுதான் கை குடுத்துச்சு.

எல்லாம் சரி பண்ணி, ஏடிடி 43 ஒரே எடத்துல வந்து, ஆயிரத்தொம்பதும் திரும்பி வந்து, மாமாவுக்கு அனுப்பிச்சேன். இந்த தடவை ஊர்வாரியாவும் போட்டுக் குடுத்துருந்தேன். மறுபடி போன். "ரகமெல்லாம் சரியா இருக்குடா மாப்ள. ஆனா மாயவரம் தனியா வந்துருக்கு, மயிலாடுதுறை தனியா வந்துருக்கு, ரெண்டும் ஒரே ஊருதானே?"

1982ல மாறுன பேரு மாமா, அதுக்கு ஸ்ட்ரிப் கிடையாதுன்னு சொல்லிட்டு, பழைய பேருக்கு எதிர புதுப் பேரை எழுதி ஒரு டிக்ஷனரி போட ஆரம்பிச்சேன்.